பனிச்சரிவும் துணைவரும்

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைகளில் குளிர்காலத்தில் மக்கள் காலிற் சறுக்குக்கட்டை பூட்டிப் பனிமீது சறுக்கி விளையாடுவர். செப்பனிட்டுக் காக்கப்படும் தடங்களை விட்டு, மனிதர் மிதியாத பனியில் இறங்க விரும்புவோர் வழிகாட்டியுடன் குழுவாகச் செல்வர். அவர்கள் முதலிற் கற்பது உயிர் காக்கும் முறையாகும்.

மலைச்சாய்வு 30 பாகைக்கு மேற்படின், பனிப்படலம் பெயர்ந்து பாய்தல் எளிது. இதுவே பனிச்சரிவு எனப்படும். சிக்கி மாண்டவர் பலர் திறத்தில், சறுக்குவோரின் பாரமே படலத்தைப் பெயர்த்துள்ளது. டாவோஸ் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையம் குளிர்காலத்தில் நாள்தோறும் அபாயத்தின் அளவை 1 முதல் 5 வரை குறித்து அறிவிக்கும். குழுவினர் அதனைப் படித்த பின்னரே புறப்படுவர். செங்குத்தான சாய்வில் ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டு இறங்குவர்.

ஒவ்வொருவரும் மூன்று கருவிகள் கொண்டுசெல்வர். அவை, வானொலிக் குறியை அனுப்பவும் ஏற்கவும் வல்ல சிறு கருவி, பனியைக் குத்தி ஆராயும் நீண்ட கோல், பனியை வாரும் மண்வாரி என்பன. புதைந்தவரை 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் அவர் பெரும்பாலும் பிழைப்பார்; அரைமணி கடப்பின் பிழைத்தல் அரிது. அதற்குள் ஊரிலிருந்து மீட்போர் வந்து சேர்தலும் அரிது. உடனிருப்போரே காத்தல் வேண்டும். ஆதலின், குறிக்கருவி ஒன்றைப் பனியில் மறைத்துவைத்து, கடிகாரத்தை நோக்கித் தேடிப் பழகுவர். கோலும் மண்வாரியும் தம்மைச் சுமப்பவர்க்கு உதவா. புதைந்த தோழர்க்கே உதவும்.