ஒரு கண்ணோடு வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார் பக்கம் நெடுங்காலம் தையல் மெஷினில் உட்கார்ந்தவன் நான். மெஷின் ஊசி முறிந்து தெறித்ததில் இளம் வயதிலேயே இடது கண் போயிற்று. அதன் பிறகு துணி வெட்டியது, தைத்தது, பிள்ளைகளை வளர்த்தது எல்லாம் வலது கண்ணை வைத்துத்தான். இப்போது யாருக்காவது ஒரு கண் போனால் வீட்டார் என்னிடம் அனுப்பி வைக்கிறார்கள். சர்க்கரை நோயால் இழந்தவர்கள் வருகிறார்கள். பட்டறையில் இழந்தவர்களும் மோட்டார் சைக்கிள் விபத்தில் இழந்தவர்களும் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. போனது பாதிப் பார்வை இல்லை. இரண்டு கண்ணும் பார்க்கும் பரப்பில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொதுவானது. ஒரு கண் போனால் குறைவது அந்தப் பக்கத்து ஓரம். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நாலில் ஒரு பங்கு. அதோடு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எவ்வளவு கிட்டே, எவ்வளவு தள்ளி என்ற கணிப்பும் போகும். எழுத்து, நிறம், முகம் எதுவும் போகாது. மூளை புதுக் கணக்குக்குப் பழகச் சில மாதங்கள் பிடிக்கும், சிலருக்கு ஒரு வருடம். ஆகவே முதல் வாரத்திலேயே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

2. ஊற்றும் முன் தொடுங்கள். கிரிக்கெட் வீரர் பட்டோடி நவாப் மன்சூர் அலி கானுக்கு 1961 ஜூலையில் இங்கிலாந்தில் கார் விபத்தில் வலது கண் பார்வை ஏறக்குறைய முழுதும் போனது. ஜாடித் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றப் போனால் மேசையில் கொட்டும், சிகரெட்டைப் பற்றவைக்கப் போனால் நெருப்பு நுனியில் படாது என்று அவரே எழுதியிருக்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடினார். 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள். மார்ச்சில், 21 வயதில், இந்திய அணித் தலைவர். வேகப் பந்தை அடிக்கக் கற்றுக்கொண்ட அந்த மனிதருக்கும் தம்ளர் முதலில் அடங்கவில்லை. உங்கள் கைநடுக்கத்துக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியது எளிது. கெத்தலின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். தே தாரிக் கடையில் நின்று கவனியுங்கள். ஆற்றுகிறவர் இரண்டு குவளைகளையும் கிட்ட வைத்து ஊற்றத் தொடங்கி, பிறகுதான் கையை மேலே இழுக்கிறார். தூரம் அவர் தோளில் இருக்கிறது. பார்வை இழந்த பிறகும் அந்த வேலைக்குத் திரும்பலாம் என்று நான் நம்பிக்கையோடு சொல்வேன். ஆனால் முதலில் பச்சைத் தண்ணீரில் பழகுங்கள். கொதிக்கும் பானத்தோடு தொடங்காதீர்கள்.

3. இனி உங்கள் கழுத்துதான் இரண்டாவது கண். போன கண்ணின் பக்கம் மூக்கு மறைக்கும், ஆகவே விழியை உருட்டினால் போதாது, முகத்தையே திருப்ப வேண்டும். இங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் சாலையோரம் நிற்பவரை நோக்கி முதலில் வருவது வலப்பக்கத்திலிருந்து. வலது கண் போனவர்கள் இதை மறக்கவே கூடாது. இடது கண் போனவர்கள் ஒருவழிச் சாலைதானே என்று நம்பி ஒரு பக்கம் மட்டும் பார்க்காதீர்கள். நம் ஊரில் எதிர்த்திசையிலும் மோட்டார் சைக்கிள் வரும்.

4. அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்னே உள்ள நடைபாதையில், நடக்கத் தனியாகப் பழகுங்கள். ஒவ்வொரு கடைவீட்டின் தரையும் ஒவ்வோர் உயரம். ஒரு வாசலில் படி ஏறும், அடுத்த வாசலில் இறங்கும், நடுவே தூண், நிறுத்திவைத்த வண்டி, மூடியில்லாத சாக்கடை. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம் இது. பழைய கட்டடங்கள் பழையபடியேதான் நிற்கும், படிகள் சமமாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுகிறார்கள். ஒரே நிறத் தரையில் படியின் விளிம்பு தெரியாது. நின்று, தலையை இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். கிட்டே இருப்பது அதிகம் நகரும், தள்ளி இருப்பது குறைவாக நகரும். இரண்டும் வெவ்வேறாக நகர்ந்தால் நடுவே பள்ளம் உண்டு என்று பொருள். அப்புறம் குதிகாலால் விளிம்பைத் தடவி இறங்குங்கள். யாரோடாவது நடந்தால் அவரைப் பார்வையில்லாத பக்கம் விடுங்கள். என் மனைவி இன்றுவரை என் இடப்பக்கம்தான் நடக்கிறாள்.

5. ஊசியில் நூல் கோக்க இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். ஊசிக்குப் பின்னால் வெள்ளைத் துணி இருக்கட்டும். காசு வாங்கும்போது எட்டிப் பிடிக்கப் போகாமல் உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள், கொடுப்பவர் வைப்பார்.

6. சொல்லிவிடுங்கள். கூட வேலை செய்பவரிடம், முதலாளியிடம், பக்கத்துக் கடைக்காரரிடம், “எனக்கு இந்தப் பக்கம் தெரியாது, கூப்பிட்டுவிட்டு வாங்க” என்று ஒரு வாக்கியம் போதும். சொல்லாவிட்டால், சிரித்தும் கண்டுகொள்ளாமல் போனான் என்று மனஸ்தாபம் வரும், கொதிக்கும் சட்டியோடு வருபவர்மேல் மோதவும் நேரும். கல்யாண வீட்டுப் பந்தியில் பார்வையில்லாத பக்கம் சுவர் இருக்கும்படி உட்காருங்கள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கண் போன பெண் பிள்ளையைக் கல்யாணம் பேசும்வரை வீட்டுக்குள் மறைத்து வைக்காதீர்கள். படிக்க அனுப்புங்கள், வேலைக்கு அனுப்புங்கள். செயற்கைக் கண் பொருத்துவது அவள் விருப்பமாக இருக்கட்டும், மாப்பிள்ளை வீட்டாருக்காக வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நம் குடும்பங்கள் செய்யும் கொடுமையைப் பார்த்து நான் பலமுறை மனம் நொந்திருக்கிறேன்.

7. பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்கள். பவர் தேவையில்லை என்றாலும் போடுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் அது முகத்தில் இருக்கட்டும்.

8. தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் வரும் சாலைகளில் தேங்காய் உடைப்பதைக் கிட்டே நின்று பார்க்காதீர்கள். 1894 முதல் வெள்ளி ரதம் ஓடும் ஊர் இது. 2017 முதல் தங்க ரதமும் வருகிறது. குவியல் குவியலாக உடைக்கிறார்கள், ஓட்டுச் சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்று இரண்டு கண் உள்ளவருக்கே தெரியாது. ரதம் அருகே வந்ததும் சென்று கும்பிடுங்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறத் தடையில்லை. இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள்.

9. வண்டி ஓட்டுவதை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள். பேருந்து, லாரி போன்ற தொழில் உரிமத்துக்கு மருத்துவச் சோதனை இன்னும் கடுமையானது.

10. தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். வேலையிடத்திலோ வேலைக்குப் போகும் வழியிலோ கண் போயிருந்தால் 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவிடம் இழப்பீடு கோரலாம். இன்னொரு கண் நன்றாக இருக்கிறதே என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். ஒரு கண் இழப்பும் நிரந்தர ஊனக் கணக்கில் வரும். மாற்றுத் திறனாளி அட்டை வேறு விஷயம். அங்கே நல்ல கண்ணின் பார்வையைத்தான் அளக்கிறார்கள், அதனால் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைக்காது. நல்ல கண்ணும் மங்கத் தொடங்கியவர்கள், 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்குக்கு வந்த, பார்வைக் குறையுள்ளோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லத்தை அணுகலாம்.

11. மீதிக் கண்ணைக் காப்பாற்றுங்கள். அடிபட்டு ஒரு கண் கிழிந்தவர்களுக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நல்ல கண்ணைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு. அரிதுதான், ஆனால் வருடங்கள் கழித்தும் வரும். நல்ல கண் சிவந்தால், வலித்தால், வெளிச்சம் கூசினால், புகை படிந்தது போல மங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சொட்டு மருந்து வாங்கிப் போட்டுப் பார்க்கிறேன் என்று நாளைக் கடத்த வேண்டாம்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2019-இல் நாடளாவிய நலவாழ்வு ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. எல்லா இனத்தாரிலும் இந்தியர்களிடம்தான் அதிகம். விழித்திரை கெடும்போது வலிக்காது, கண் அழுத்தமும் சொல்லிக்கொண்டு வராது. வருடம் ஒருமுறை இரண்டையும் பார்த்துவிட வேண்டும். பினாங்கு பொது மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிப் போகலாம். கடைசியாகச் சோதித்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் நாளைக் காலையிலேயே கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுங்கள்.