வீழ்ந்த விமானியும் கண்டோர் கூற்றும்: ‘காற்று வெளியிடை’ திரைப்படம் பற்றிய பார்வையாளர் கருத்துகள்

ஆய்வுச் சுருக்கம்

எதிரி நாட்டில் வீழ்த்தப்பட்ட போர் விமானியைத் தலைவனாகக் கொண்டு மணிரத்னம் இயக்கிய ‘காற்று வெளியிடை’ 2017 ஏப்ரல் 7 அன்று வெளியானது. அப்போது எழுந்த விவாதம் விமானியின் சிறைவாழ்வையும் தப்பித்தலையும்விட, அவன் காதலியை நடத்திய முறையையே மிகுதியும் பேசியது. 2019 பிப்ரவரியில் தமிழரான விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் பாகிஸ்தானில் பிடிபட்டபோது, வீழ்ந்த விமானி என்னும் அதே உருவம் முற்றிலும் வேறு உணர்வோடு எதிர்கொள்ளப்பட்டது. இவ்வேறுபாட்டின் காரணத்தை, தொல்காப்பியம் கூறும் ‘கண்டோர் கூற்று’, தோழியின் ‘வாயில் மறுத்தல்’ ஆகியவற்றின் துணையால் இக்கட்டுரை ஆராய்கிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆகிய சென்னை மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் இவ்வாய்வைக் களத்திற்குக் கொண்டு செல்வதற்கான வினாச் சட்டகத்தையும் முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: கண்டோர் கூற்று, வாயில் மறுத்தல், வினைவயிற் பிரிவு, போர்க்கைதி, பார்வையாளர் ஏற்பு, ஆவடி.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட ஆய்வுகள் பெரும்பாலும் படைப்பாளியையும் பனுவலையும் மையமிட்டே அமைகின்றன. பார்வையாளர் பேசப்படும் இடங்களிலும், அவர் ரசிகர் மன்ற உறுப்பினராகவோ வாக்காளராகவோ மட்டுமே நோக்கப்படுகிறார். ஒரு கதையைக் கண்டவர் அக்கதை மாந்தரிடம் என்ன சொல்ல விரும்புகிறார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. போர்ப் படங்களைப் பொறுத்தவரை இவ்வினா கூடுதல் இன்றியமையாமை உடையது. போர்வீரன் பொதுவெளியில் போற்றப்படுபவன். இல்லத்திலோ அவன் கணவன், மகன், காதலன். இவ்விரு நிலைகளுள் எதனைக் கொண்டு பார்வையாளர் அவனை மதிப்பிடுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கலாகும்.

கண்டோர்: பார்வையாளருக்கான தமிழ் மரபுச் சொல்

தொல்காப்பியக் கற்பியல் தோழி முதலாக வாயில்கள் பன்னிருவரை வகுக்கிறது. அப்பட்டியலின் இறுதியில் இடம்பெறுவோர் கண்டோர். தலைவன், தலைவியோடு உறவோ கடமையோ இல்லாதவர்கள். நிகழ்ந்ததைக் கண்டவர்கள் என்பதே அவர்களது தகுதி. ஆயினும் அவர்களுக்குப் பேசும் உரிமை தரப்பட்டுள்ளது.

அகத்திணையியல் கண்டோர் பேசும் இடங்களைத் தனி நூற்பாவில் தொகுத்துரைக்கிறது. பொழுதும் வழியும் அச்சம் தருவன என எடுத்துக்காட்டிக் குற்றம் காட்டல், அண்மையிலுள்ள ஊரையும் செல்லும் இடத்தையும் அன்போடு கூறல், கூடியவர் பக்கம் நின்று அவர்களை விடுத்தல், பின்தேடி வரும் தாயின் நிலைகண்டு அவளைத் தடுத்தல் அல்லது விடுத்தல், நெடுந்தொலைவு சென்றோரின் செலவு குறித்தும் வரவு குறித்தும் மொழிதல் என அவை அமையும். உரையாசிரியர்கள் இவற்றை உடன்போக்கிற்கு உரியனவாகக் கொள்வர். எனினும் இப்பகுப்பில் அடங்கியுள்ள செயல்கள் உடன்போக்கின் எல்லையைக் கடந்தும் பொருந்துவன. கண்டவர் வெறுமனே சுவைப்பதில்லை. குற்றம் காட்டுகிறார், தடுக்கிறார், விடுக்கிறார், வரவை எதிர்நோக்குகிறார். திரையரங்கிலிருந்து வெளிவரும் பார்வையாளர் செய்வனவும் இவையே.

கதையும் வரலாறும்

1999 கார்கில் போரில் வருண் சக்ரபாணி என்னும் விமானியின் விமானம் வீழ்த்தப்படுகிறது. ராவல்பிண்டிச் சிறையில் அடைக்கப்பட்ட அவன், ஸ்ரீநகரில் தான் காதலித்த மருத்துவர் லீலாவை நினைவுகூர்கிறான். சிறையின் நிகழ்காலமும் காதலின் கடந்தகாலமும் மாறிமாறி வருகின்றன. உடனிருந்த இருவருடன் தப்பி, எல்லையைக் கடந்து மீளும் அவன், சில ஆண்டுகளுக்குப் பின் லீலாவையும் தன் மகளையும் கண்டடைகிறான். படத்தின் பெயர் பாரதியின் கண்ணம்மா பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. பெயர்த் தெரிவே கதை காதலின் பக்கம் நிற்பதைக் குறிப்பாக உணர்த்திவிடுகிறது.

தப்பித்தல் பகுதிக்கு வரலாற்று முன்மாதிரி உண்டு. 1971 போரில் சிறைப்பட்ட இந்திய விமானிகளான திலீப் பருல்கர், எம்.எஸ். கிரேவால், ஹரீஷ் சின்ஹ்ஜி ஆகியோர் 1972 ஆகஸ்ட் 13 அன்று ராவல்பிண்டி முகாமிலிருந்து தப்பினர். ஆப்கானிஸ்தான் எல்லைக்கு அருகிலுள்ள லண்டிகோட்டல் வரை சென்ற அவர்கள் அங்கே மீண்டும் பிடிபட்டனர்; அவ்வாண்டின் இறுதியிலேயே தாயகம் திரும்பினர். கார்கில் போரில் பிடிபட்ட விமானி நச்சிகேதாவும் தப்பி வந்தவரல்லர். 1999 மே 27 அன்று சிறைப்பட்ட அவர் சூன் தொடக்கத்தில் விடுவிக்கப்பட்டார். ஆக, தோல்வியில் முடிந்த 1972ஆம் ஆண்டு முயற்சியைப் படம் 1999க்கு மாற்றி, வெற்றியாக முடிக்கிறது. இம்மாற்றம் தலைவன் காதலியிடம் திரும்பவேண்டும் என்னும் கதைத்தேவையால் நேர்ந்தது. புறச்செய்தி அகத்தேவைக்கு வளைக்கப்பட்டுள்ளது எனலாம்.

இதனை ‘பிகைண்ட் எனிமி லைன்ஸ்’ (2001) என்னும் அமெரிக்கப் படத்தோடு ஒப்பிடலாம். 1995இல் பாஸ்னியாவில் வீழ்த்தப்பட்டு, ஆறு நாட்களுக்குப் பின் மீட்கப்பட்ட ஸ்காட் ஓ’கிரேடியின் நிகழ்வைத் தொலைவான அடிப்படையாகக் கொண்டது அப்படம். அதில் பார்வையாளர் முன் நிற்கும் வினா ஒன்றே: அவன் மீட்கப்படுவானா? ‘காற்று வெளியிடை’யில் அவன் மீள்வதோடு வினா முடிவதில்லை. மீண்டவனை அவள் ஏற்கலாமா என்னும் இரண்டாம் வினா அங்கேதான் தொடங்குகிறது.

2017: குற்றம் காட்டலும் தடுத்தலும்

வெளியீட்டுக் காலக் கருத்துகளைக் கண்டோர் கூற்றின் அடிப்படையில் மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, குற்றம் காட்டல். பிறர் முன்னிலையில் லீலாவை அவமதித்தல், பதிவுத் திருமணத்திற்கு வராமற்போதல், அவள் கருவுற்ற செய்தியைக் கேட்டுத் தயங்குதல் ஆகியவை விமானியின் குறைகளாகச் சுட்டப்பட்டன. தப்பித்தல் காட்சிகள் நம்பத்தக்கனவாக இல்லை என்னும் குறையும் கூறப்பட்டது.

இரண்டாவது, தடுத்தல். இத்தகையவனிடம் அவள் மீண்டும் மீண்டும் ஏன் செல்கிறாள் என்பதே மிகுதியாக எழுந்த வினா. இது திறனாய்வுக் கருத்தாகத் தோன்றினும், இதன் மொழி லீலாவை நோக்கியதாகும். மருதத் திணையில் புறத்தொழுக்கம் மேற்கொண்ட தலைவன் திரும்பிவரும்போது தோழி வாயில் மறுப்பாள். தலைவியின் நெஞ்சம் நெகிழக்கூடும் என்பதை அறிந்தே, அவள் நெகிழுமுன் தோழி மறுக்கிறாள். படத்தில் அம்மறுப்பை இறுதிவரை நிலைநிறுத்தும் குரல் இல்லை. அவ்வெற்றிடத்தில் பார்வையாளர் புகுந்து, தோழியின் கடமையைத் தாமே ஏற்றுக்கொண்டனர்.

மூன்றாவது, விடுத்தல். குறையுடையவனாகவே தலைவன் வேண்டுமென்று படைக்கப்பட்டுள்ளான் என்றும், சிறை அவனை மாற்றியது என்றும் கூறி, அவர்கள் இணைவதை ஏற்றோர் இவ்வகையினர். இவர்களது கூற்று வலுப்பெறாமைக்குக் கதைகூறலே காரணமாகும். படத்தின் பெரும்பகுதி சிறையிலிருந்து தலைவன் நினைவுகூர்வது. அதாவது தலைவன் கூற்று. அவன் மாறிவிட்டான் என்பதற்கு அவனது நினைவே சான்றாகிறது. அவன் இல்லாத ஆண்டுகளில் லீலா தனியே குழந்தையைப் பெற்று வளர்த்த வாழ்வு, அவள் கூற்றாகத் திரையில் விரியவில்லை. குற்றம் செய்தவனே தன் திருந்தலுக்கும் சாட்சியாகும்போது கண்டோர் அதனை எளிதில் ஏற்பதில்லை.

இசைக்கும் ஒளிப்பதிவுக்கும் கிடைத்த பாராட்டு இப்பகுப்பிற்கு அப்பாற்பட்டது. ஏ.ஆர். ரகுமானுக்குச் சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதும், சாஷா திருப்பதிக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும் இப்படத்தின் வழியே கிடைத்தன. பாடலைப் போற்றியவர்களே தலைவனைக் கடிந்தனர் என்பது, பார்வையாளர் கருத்து ஒற்றைத் தன்மையது அன்று என்பதைக் காட்டுகிறது.

2019: பெயர் பெற்ற விமானி

2019 பிப்ரவரி 27 அன்று அபிநந்தன் செலுத்திய மிக்-21 விமானம் வீழ்ந்தது. அவர் பாகிஸ்தான் படையினரிடம் பிடிபட்டு, மார்ச் 1 அன்று வாகா எல்லை வழியே தாயகம் திரும்பினார். அந்நாட்களில் ‘காற்று வெளியிடை’ மீண்டும் நினைவுகூரப்பட்டது. அபிநந்தனின் தந்தையாரும் ஓய்வுபெற்ற ஏர் மார்ஷலுமான சிம்மக்குட்டி வர்த்தமான் அப்படத்திற்கு ஆலோசனை வழங்கியவர் என்னும் செய்தி பரவலாகப் பேசப்பட்டது.

இம்முறை கண்டோர் செய்தது, தொலைவு சென்றவரின் வரவு குறித்து மொழிதல் மட்டுமே. குற்றம் காட்டலுக்கோ தடுத்தலுக்கோ இடமில்லை. அவரது மீசையமைப்பை இளைஞர்கள் பலர் பின்பற்றினர். திரையில் விமானியாக நடித்த கார்த்தியோ மீசை மழித்த தோற்றத்தில் வந்தவர். புறத்திணைக்குரிய வீரத்தின் அடையாளத்தைப் பார்வையாளர் எங்கே தேடிக் கண்டனர் என்பதற்கு இச்சிறு வேறுபாடும் சான்றாகும்.

இவ்வேறுபாட்டை அகப்புற மரபின் அடிப்படை விதி ஒன்றே விளக்குகிறது. அகத்திணை மாந்தர் இயற்பெயர் சுட்டப்பெறார். பெயர் சுட்டப்பெறின் அது புறமாகும். நெடுநல்வாடையில் பாசறை அரசனும் பிரிந்துறையும் அரசியும் காட்டப்படினும், வேலில் சூடிய வேம்பு பாண்டியனைச் சுட்டுவதால் அது புறமாயிற்று என்பார் நச்சினார்க்கினியர். ஓர் அடையாளப் பூ ஒரு பாட்டின் திணையையே மாற்றவல்லது. கற்பனைப் பாத்திரமான வருண், பெயர் இருந்தும் சுட்டி ஒருவர் அல்லன். எந்தக் காதலனாகவும் அவனைக் கொள்ளமுடியும். ஆகவே அவன் அகத்தில் வைத்து மதிப்பிடப்பட்டான். அபிநந்தன் ஊரும் குடும்பமும் அறியப்பட்ட ஒருவர். ஆகவே அவர் புறத்தில் வைத்து வரவேற்கப்பட்டார்.

‘அமரன்’: தலைவி கூற்றின் வலிமை

மேற்கண்ட விளக்கத்தை 2024 அக்டோபர் 31 அன்று வெளியான ‘அமரன்’ கொண்டு சோதிக்கலாம். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியானில் உயிர்நீத்து, அசோகச் சக்கர விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்வை ராஜ்குமார் பெரியசாமி இயக்கிய இப்படம் கூறுகிறது. வீழ்ந்த விமானியின் கதையன்று எனினும், காதலும் போரும் காஷ்மீரும் இணையும் முறையில் இது ஒப்புநோக்கத்தக்கது. மனைவி இந்துவின் நினைவுகூர்தலாகக் கதை அமைகிறது. தலைவனின் பண்புக்குத் தலைவியே சான்று கூறுவதால், கண்டோர் வாயில் மறுக்கும் தேவை எழவில்லை.

ஆயினும் பெயர் சுட்டப்பட்டதால் வேறுவகைக் கருத்துகள் எழுந்தன. முகுந்தின் சமூகப் பின்னணி ஏன் காட்டப்படவில்லை என்று சிலர் வினவினர். காஷ்மீர் முஸ்லிம்கள் சித்திரிக்கப்பட்ட விதத்தைக் கண்டித்து எதிர்ப்புகளும் நிகழ்ந்தன. புறப்பொருளாகும் கதை, போற்றுதலை மட்டுமன்றி, யாருடைய போர், யார் எதிரி என்னும் வினாக்களையும் உடன் கொண்டுவருகிறது என்பது இதனால் புலனாகிறது.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி: கள ஆய்வுச் சட்டகம்

இதுவரை கண்டவை பொதுவெளியில் பதிவான கருத்துகளின் போக்குகள். பொதுவெளியில் எழுதாத பார்வையாளரின் கூற்றை அறியக் கள ஆய்வு தேவை. அதற்குச் சென்னையின் மேற்குப் புறநகர் தக்க களமாகும்.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, போர் வாகன ஆய்வு நிறுவனம், விமானப்படை நிலையம் ஆகியன உள்ளன. முதலிரண்டும் எச்.வி.எஃப்., ஓ.சி.எஃப். என்னும் எழுத்துகளாலேயே வழங்கப்படுகின்றன. விஜயந்தா, அஜேயா, அர்ஜுன் ஆகிய டாங்கிகள் இங்கு உருவானவை. இங்குள்ள தொழிலாளர் குடும்பத்திற்குப் படைத்துறை என்பது ஷிப்டு, குவார்ட்டர்ஸ், சம்பளம் ஆகியவற்றோடு இணைந்தது. சீருடை, வீரத்தின் குறியீடாவதற்கு முன்பு, வெட்டித் தைத்து முடிக்கவேண்டிய உருப்படி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சார்ந்து வாழ்வோருக்குப் படைத்துறையோடு அத்தகைய நேரடித் தொடர்பு கட்டாயமன்று. எனினும் வினைவயிற் பிரிவு அவர்களுக்கும் அன்றாடமே. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் படப்பிடிப்பு வளாகம் உள்ளது. அங்குப் பணிபுரிவோர் திரைக்காட்சி உருவாகும் முறையை அறிந்தவர்கள். ஆக, படைத்தொழிலை அறிந்தோர், பிற தொழில் சார்ந்தோர், திரைத்தொழிலை அறிந்தோர் என மூவகைக் கண்டோரை ஒரே நிலப்பரப்பில் ஒப்பிடமுடியும்.

இக்களத்தில் ‘படம் நன்றாக இருந்ததா?’ என்னும் வழக்கமான வினா பயன்தராது. அது பார்வையாளரைத் திறனாய்வாளராக்கிவிடும். மாறாக, அவரைக் கண்டோராகப் பேசவைக்கும் வினாக்கள் வேண்டும்:

1. விமானியின் தவறுகளை அவன் தொழிலோடு இணைக்கிறீர்களா, இயல்போடு இணைக்கிறீர்களா?
2. அவன் திரும்பி வந்து நிற்கும்போது லீலாவிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?
3. லீலாவின் தாயிடம் என்ன சொல்வீர்கள்?
4. அவன் சிறைப்பட்டது அவன் செய்தவற்றுக்கு ஈடாகுமா?
5. படத்தை 2019க்கு முன் பார்த்தீர்களா, பின் பார்த்தீர்களா?

இரண்டாம் வினா தடுத்தலையும் விடுத்தலையும் பிரித்துக்காட்டும். மூன்றாம் வினா நூற்பா கூறும் தாய்நிலையை நேரே தொடுவது. நான்காம் வினா அகத்தில் நேர்ந்த தவற்றைப் புறத்தில் பட்ட துன்பம் தீர்க்குமா என்பதைச் சோதிப்பது. படைத்துறைக் குடும்பத்துப் பெண்கள் இவ்வினாவிற்குக் கூறும் விடை இவ்வாய்வின் மையத் தரவாக அமையும்.

முடிவுரை

இக்கட்டுரையின் வழி அறியலாகும் முடிவுகள் வருமாறு:

• பார்வையாளர் கருத்தை விளக்கத் தமிழ் மரபில் ‘கண்டோர் கூற்று’ என்னும் செறிவான கருத்தாக்கம் உள்ளது. குற்றம் காட்டல், தடுத்தல், விடுத்தல், வரவு மொழிதல் என்னும் அதன் கூறுகள் திரைப்பட ஏற்பிற்கும் பொருந்துகின்றன.

• ‘காற்று வெளியிடை’யின் பார்வையாளர், படம் அளிக்கத் தவறிய தோழியின் இடத்தை ஏற்று வாயில் மறுத்தனர். போரில் பட்ட துன்பத்தைக் காதலில் செய்த தவற்றுக்கு ஈடாக அவர்கள் ஏற்கவில்லை.

• வீழ்ந்த விமானி 2017இல் கடியப்பட்டதும் 2019இல் போற்றப்பட்டதும் முரண் அல்ல. சுட்டி ஒருவர் பெயர் கொள்ளாமை அகம், பெயர் சுட்டல் புறம் என்னும் மரபு வேறுபாடே இவ்விரண்டிலும் செயல்பட்டுள்ளது.

• தலைவி கூற்றாக அமையும் போர்க்கதை, தலைவன் கூற்றாக அமைவதைவிடக் கண்டோரின் நம்பிக்கையை எளிதில் பெறுகிறது.

போர்வீரன் என்பதாலேயே ஒருவனது இல்லறத் தவறு மன்னிக்கப்பட வேண்டியதில்லை என்பதே 2017ஆம் ஆண்டின் கண்டோர் கூற்று. அக்கூற்றைப் படைத்துறைக்கு உழைக்கும் ஆவடியின் இல்லங்கள் எவ்வாறு ஏற்கும், எங்கே மறுக்கும் என்பதை அறிவது அடுத்த கட்ட ஆய்வின் பணியாகும்.