ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படங்கள்

தொலைக்காட்சியில் கார்ட்டூன் படம் ஓடத் தொடங்கினால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் சோற்றுத் தட்டையும் மறந்துவிடுகின்றனர். அப்படத்தில் ஓடுகின்ற பூனையும் எலியும் உண்மையில் ஓடுவதில்லை. ஒன்றுக்கொன்று சிறிதளவே வேறுபட்ட படங்கள் விரைவாக அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றன. நம் கண் அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஓட்டமாகக் கொள்கிறது. இவ்வாறு படங்களுக்கு அசைவு கொடுக்கும் கலையை அசைவூட்டக் கலை என்பர். ஒரு நிறுவனத்தின் நிரந்தர ஊழியராக இல்லாமல், இக்கலையைச் சொந்தப் பொறுப்பில் தொழிலாக நடத்துவோர் சிங்கப்பூரில் உள்ளனர். அவர்கள் எவ்வாறு உழைக்கின்றனர், அவர்களில் பலருடைய பையில் எப்பொழுதும் ஒரு சிறு வரைபுத்தகம் ஏன் இருக்கிறது என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். படம் வரையும் ஆர்வமுள்ள பிள்ளைகளைப் பெற்றோர் இதனைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திக் காட்டுவது கையால் வரைவோரின் வழக்கம். ஆகவே ஒரு விநாடிக்கு 12 படங்கள் வேண்டும். ஒரு நிமிடத்திற்கு 720. இது ஓர் உருவத்திற்கு மட்டுமே உரிய கணக்கு. குனியத் தொடங்கும் நிலை, முழுவதும் குனிந்த நிலை, நிமிர்ந்த நிலை என முக்கியமானவற்றை முதல் ஓவியர் வரைவார்; இடைப்பட்டவற்றை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவர். இன்று பெரும்பாலோர் கணினித் திரையின்மீது மின்பேனாவால் வரைகின்றனர். கணினிக்குள்ளேயே பொம்மையை அமைத்து அசைக்கும் முறையும் உண்டு. அதில் இடைப்பட்ட நிலைகளைக் கணினியே நிரப்பித் தருகிறது. ஆயினும், உடலின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது, கை எப்பொழுது வேகம் கொள்கிறது, எங்கே தயங்குகிறது என்பவற்றை முடிவு செய்பவர் ஓவியரே.

இதனை நம் தொழிலைக் கொண்டே விளக்கலாம். பால் நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்து நடப்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிள் வந்த பின்னர் அக்காட்சி குறைந்துவிட்டது எனினும், மூத்தவர்கள் அதனை மறந்திருக்க மாட்டார்கள். தோளில் பாரம் ஏறியதும் முழங்கால் சற்று மடிகிறது. நடையின் எட்டு குறுகுகிறது. கம்பு நடைக்கேற்ப ஏறி இறங்குகிறது. அவர் நின்ற பிறகும் வாளிகள் ஓரிரு முறை ஆடிய பின்னரே ஓய்கின்றன. படத்தில் அவர் நின்ற அதே கணத்தில் வாளிகளும் அசையாமல் நின்றுவிடுமானால், "இது வெறும் வாளி, இதில் பால் இல்லை" என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிந்த இந்த உண்மை, குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும் ஓவியருக்குத் தானாகத் தெரிந்துவிடாது. ஆகவே அவர் வெளியே சென்று பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது. வரைந்து பார்த்தால்தான் எதைக் காணத் தவறினோம் என்பது விளங்கும்.

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தம் ஓவியர்களுக்காக 1932ஆம் ஆண்டில் டான் கிரகாம் என்னும் ஓவிய ஆசிரியரை அமர்த்தி, உயிருள்ள உருவங்களைப் பார்த்து வரையும் மாலை வகுப்புகளை நடத்தினார். ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பகல் வேலை முடிந்த பின்னர் மாணவர்களாக அமர்ந்தனர். 1942இல் வெளிவந்த 'பாம்பி' என்னும் மான்குட்டிப் படத்திற்காக, உண்மையான மான்குட்டிகளையே படக்கூடத்திற்குக் கொண்டுவந்து வளர்த்து, அவை எழுவதையும் தடுமாறுவதையும் வரைந்தனர்.

சிங்கப்பூர் ஓவியர்களுக்கு இத்தகைய வகுப்பறையாகப் பயன்படும் இடங்களுள் ஒன்று லிட்டில் இந்தியா. நம்மவர் அதனைத் தேக்கா என்றே சொல்வர். ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து உறவினரைக் காணச் சென்றவர்கள் சிராங்கூன் சாலையில் நடந்திருப்பீர்கள். 1989இல் இவ்வட்டாரம் பாதுகாக்கப்பட வேண்டிய பகுதியாக அறிவிக்கப்பட்டதால் பழைய கடைவீடுகளும் ஐந்தடி நடைபாதைகளும் இன்றும் நிற்கின்றன. கெர்பாவ் சாலையில் 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்ட டான் தெங் நியாவின் இல்லம் பல வண்ணப் பூச்சோடு காட்சி தருகிறது. கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. வீடுகளை வரைவோருக்கு இவை நல்ல பொருள்.

அசைவூட்டக் கலைஞர் நாடுவதோ பெரும்பாலும் மனிதர்களை. பூக்கடையில் சரம் தொடுப்பவரின் விரல்கள் ஒரே ஒழுங்கில் சுழல்கின்றன. அவர் முகமோ வாடிக்கையாளரை நோக்கி இருக்கிறது. தேக்கா சந்தையில் மீன் வெட்டுபவர் கத்தியை ஓங்குமுன் தோளைச் சற்றே பின்வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து வேலை செய்யும் தொழிலாளர்கள் திரளாகக் கூடுகின்றனர். ஊருக்குத் தொலைபேசியில் பேசுகின்றவனின் முதுகு எவ்வாறு வளைகிறது என்பதை வரைந்தாலே, அவன் மகிழ்ச்சியான செய்தி கேட்கிறானா, வேறு செய்தி கேட்கிறானா என்பது விளங்கிவிடும். இவற்றை வரைய அரை நிமிடம் கிடைத்தால் அதிகம். எனவே கண், மூக்கு, சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தலையிலிருந்து குதிகால் வரை உடல் செல்லும் ஒரே கோட்டை முதலில் பிடிக்கின்றனர். பத்தில் எட்டுப் படம் அரைகுறையாகவே நிற்கும். அதனால் குற்றமில்லை, அப்புத்தகம் கண்காட்சிக்கு உரியதன்று. தெரியாதவர்களை உற்றுப் பார்த்து வரைவதில் நாகரிகமும் வேண்டும். கோயிலுக்குள்ளும் கடைக்குள்ளும் அனுமதி கேட்டுக்கொள்வதே முறை.

பலர் பேனாவாலேயே வரைகின்றனர். அழிக்க முடியாது என்பதே அதற்குக் காரணம். கை தயங்காமல் செல்லப் பழகுமாம். பென்சில் கோட்டை அழிக்கும் பொருளைப் பற்றி நாம் ஒன்று சொல்லியாக வேண்டும். 1770ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர், மரப்பாலிலிருந்து கிடைத்த ஒரு பொருள் பென்சில் கோட்டைத் தேய்த்து அழிப்பதைக் குறித்து வைத்தார். தேய்ப்பது என்னும் பொருளிலேயே அதற்கு 'ரப்பர்' என்னும் ஆங்கிலப் பெயர் வழங்கலாயிற்று. டயர் பிறப்பதற்கு வெகு காலம் முன்னரே நம் மரத்தின் பால் ஓவியர் மேசையில் இடம் பெற்றுவிட்டது!

தனியே வரைவது சோர்வு தரும். அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பத்திரிகை ஓவியரான கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் தொடங்கிய நகர வரைவோர் இயக்கத்தின் சிங்கப்பூர்க் கிளையை, 2009இல் தியா பூன் சிம் என்னும் அம்மையார் தொடங்கினார். நேரில் பார்த்ததையே வரைய வேண்டும் என்பது இவ்வியக்கத்தின் விதி. கட்டடக் கலைஞர், ஆசிரியர், ஓய்வு பெற்றோர் எனப் பலரும் ஓரிடத்தில் கூடி வரைந்து, முடிவில் புத்தகங்களைத் தரையில் பரப்பி ஒருவர் படத்தை ஒருவர் பார்க்கின்றனர். 2015இல் இவ்வியக்கத்தின் உலக மாநாடே சிங்கப்பூரில் நடைபெற்றது.

இனி, பிழைப்பைப் பற்றிப் பேசுவோம். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை என்பது நமக்குத் தெரியும். சொந்தப் பொறுப்பில் வரைபவருக்கு மழை எந்த மாதம் வரும் என்றே தெரியாது. விளம்பரம், பள்ளிப்பாடம், தொலைக்காட்சித் தொடர் என்று வேலை வரும்போது இரவு பகல் பாராமல் உழைக்க வேண்டும். வராத மாதத்தில் சேமிப்பை எடுத்து உண்ண வேண்டும். சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு இல்லை. மத்திய சேமநிதிக்கு முதலாளி பங்கும் இல்லை. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளிக்கு மேற்பட்டால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக்குத் தாமே பணம் கட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது, படத்தை வாங்கிக்கொண்டு பணத்தை இழுத்தடிப்பது. "இன்னும் ஒரே ஒரு திருத்தம்" என்று சொல்லிச் சொல்லியே இருமடங்கு வேலை வாங்குவோரும் உண்டு. இதனால் வேலையின் அளவு, எத்தனை திருத்தம், எந்த நாளில் எவ்வளவு பணம் என்பவற்றை எழுத்தில் பெறும் வழக்கத்தைச் சிங்கப்பூர் அரசும் தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து 2018இல் ஒரு நெறிமுறையாக வகுத்தனர். 2019 நவம்பர் முதல் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான வழக்கைக் கொண்டு செல்லலாம். முன்பு அது 10,000 வெள்ளியாக இருந்தது. அம்மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதிடலாம். ஆனால் கையில் எழுத்து இல்லாதவரின் வழக்கு நொண்டும்.

அப்படியானால் பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால் கவலை இல்லையே என்பீர்கள். உலகப் புகழ் பெற்ற லூகாஸ்பிலிம் நிறுவனம் 2004இல் சிங்கப்பூரில் கிளை அமைத்து, அங்குள்ள கலைஞர்களைக் கொண்டு பெரும் படங்களுக்கு வேலை செய்தது. 2023இல் அக்கிளை மூடப்படும் என அறிவித்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் வேறு வழி தேட வேண்டியவராயினர். அத்தகைய நாளில் கலைஞர் கொண்டு செல்லக்கூடியவை தம் கையும், வரைந்து நிரப்பிய புத்தகங்களுமே. புதிதாக வேலை தருபவர் சான்றிதழைப் பார்க்குமுன் அப்புத்தகத்தைக் கேட்பதுண்டு.

நம் நாட்டில் இக்கலை தொடங்கியது ஓர் அரசாங்க அலுவலகத்தில்தான். பிலெம் நெகாரா நிறுவனத்தில் அரங்க அமைப்பாளராக இருந்த ஆனந்தம் சேவியர் 1978இல் தொடங்கி உருவாக்கிய 'ஹிக்காயாட் சாங் காஞ்சில்' என்னும் சருகுமான் கதையே மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படம் எனப்படுகிறது. அந்நாளில் இக்கலையைக் கற்பிக்கும் கல்லூரி இங்கு இல்லை. இன்று கல்லூரிகள் பல உள்ளன. ஆயினும், பயிற்சிப் புத்தகத்தின் ஓரத்தில் படம் கிறுக்கும் பிள்ளையைக் கண்டால் நாம் அடிக்கக் கை ஓங்குகிறோம். ஏடு வீணாகிறது என்பது மெய்தான். அதற்கென வேறொரு மலிவான ஏடு வாங்கிக் கொடுத்தால் போயிற்று. அதே பிள்ளை கணக்கையும் விடக் கூடாது. மேலே சொன்ன ஒப்பந்தத்தைப் படிக்கவும் கூலியைக் கணக்கிடவும் அதுவே துணை.

வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி தருகிறோம். பழைய ஏடு ஒன்றை எடுத்து, அதன் கடைசித் தாள்கள் பன்னிரண்டின் வலது கீழ் மூலையைப் பயன்படுத்துங்கள். மங்கிலிருந்து வாளியில் பால் ஊற்றும் ஒருவரைக் குச்சி உருவமாக வரைய வேண்டும். நிமிர்ந்து நிற்பதைக் கடைசித் தாளிலும், பாதி குனிந்ததைக் கடைசியிலிருந்து ஆறாம் தாளிலும், மங்கு கவிழ்ந்ததைப் பன்னிரண்டாம் தாளிலும் முதலில் வரைந்துகொள்க. பிறகு கடைசித் தாளிலிருந்து மேல்நோக்கி வந்து, அடித்தாளின் கோடு மங்கலாகத் தெரிவதைப் பார்த்து இடைப்பட்டவற்றை நிரப்புக. தொடக்கத்திலும் முடிவிலும் படங்களுக்கிடையே வேறுபாடு குறைவாகவும் நடுவில் மிகுதியாகவும் இருக்கட்டும். அப்பொழுதுதான் அசைவு மெல்லத் தொடங்கி மெல்ல அடங்கும். பெருவிரலால் தாள்களைக் கடைசியிலிருந்து விரைந்து விட்டால் பால் ஊற்றுவார். அவர் பொம்மைபோல் விறைப்பாகத் தோன்றினால், மறுநாள் காலை நிரையில் பக்கத்து மரத்துக்காரர் பால் ஊற்றும்போது அவருடைய இடுப்பையும் முழங்காலையும் பார்த்து வந்து, ஏழாம் எட்டாம் படங்களைத் திருத்தி வரைக.