நெட்வொர்க் பூட் லினக்ஸில் ஸ்டீம் திறக்காவிட்டால்

ஹார்ட் டிஸ்க் இல்லாமல் சர்வரிலிருந்து பூட் ஆகும் லினக்ஸ் கணினிகளில், ஸ்டீம் சில நேரம் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். காரணத்தை வரிசையாகத் தேடலாம்.

● ஐகானை விட்டுவிட்டு டெர்மினலில் இயக்கினால், பிழைச் செய்தி திரையிலேயே தெரியும்.

● 32 பிட் லைப்ரரி இல்லை என்று வந்தால், கிராஃபிக்ஸ் டிரைவரின் 32 பிட் பகுதியைச் சர்வரில் நிறுவி, பூட் இமேஜைப் புதிதாக உருவாக்க வேண்டும். பயனரின் கணினியில் நிறுவியது ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும்.

● ஹோம் ஃபோல்டர் ரேமில் இருந்தால், அப்டேட் இறங்கும்போதே இடம் தீர்ந்துவிடக்கூடும். அந்த ஃபோல்டரைச் சர்வரில் என்எஃப்எஸ் வழியாக வைக்கலாம்.

● கணினியில் தனியாக எஸ்எஸ்டி இருந்தால், விளையாட்டுகளை அதில் வைக்கலாம்; நெட்வொர்க் திணறாது.

● கணினியின் தேதி, நேரம் தவறாக இருந்தால், ஸ்டீம் திறந்தாலும் லாகின் ஆகாமல் போகலாம்.

எதை மாற்றும்முன்பும் பழைய இமேஜுக்கு ஒரு நகல் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.