எத்தனை என்பதோடு எந்த வயதில் என்பதும்

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் உயிரினத் தொகை வளர்ச்சி பற்றி ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் வரைபடம் சொல்லும் செய்தி மனத்தில் தங்குவதில்லை. செய்தித்தாளில் வரும் புலிக் கணக்கையும் ஆமைக் கணக்கையும் சரியாகப் படிக்க, அது பெரியவர்களுக்கும் தேவை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். சூத்திரம் இல்லாமலே பார்த்துவிடலாம்.

'ஜே' வளைவும் 'எஸ்' வளைவும்

படுக்கைக் கோட்டில் ஆண்டுகளையும் நிமிர்ந்த கோட்டில் எண்ணிக்கையையும் குறிப்போம். உணவும் இடமும் தாராளமாக இருக்கும்வரை எண்ணிக்கை கூட்டு வட்டிபோல் ஏறும். கோடு முதலில் தவழ்ந்து, பிறகு செங்குத்தாக எழும். இதுவே 'ஜே' வளைவு.

1944-ல் அலாஸ்காவை அடுத்த செயின்ட் மாத்யூ தீவில் 29 பனிமான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அடித்துத் தின்னும் விலங்கு அங்கே இல்லை. 1957-ல் அவை 1,350 ஆயின. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 34 சதவீத வட்டி! 1963-ல் ஏறத்தாழ 6,000. அதற்குள் குளிர்காலத் தீவனமான பாசியினத்தை மேய்ந்து தீர்த்துவிட்டன. கடுங்குளிர் ஒன்று வந்தது. 1966-ல் எஞ்சியவை 42. பின்னர் அவையும் அற்றுப்போயின.

எல்லா இனமும் இப்படி விழுவதில்லை. இடம் நிறைய நிறைய, வளர்ச்சி தானே மட்டுப்படுவதும் உண்டு. இதை 1838-ல் வெர்ஹூல்ஸ்ட் என்ற பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கணக்காக்கினார். ஒரு காடு 1,000 மான்களைத் தாங்கும், வளர்ச்சி வீதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீதத்தை, மீதியிருக்கும் இடத்தின் பங்கால் பெருக்க வேண்டும்.

100 மான்கள் இருந்தால் ஆண்டு வளர்ச்சி 9.
500 இருந்தால் 25.
900 இருந்தால் மீண்டும் 9.

பாதி நிறைந்தபோதுதான் வளர்ச்சி உச்சம். அதன்பின் கோடு படுத்துவிடும். இதுவே 'எஸ்' வளைவு.

யார் எந்த நிலையத்தில் இறங்குகிறார்கள்?

எண்ணிக்கை மட்டும் முழுக்கதையைச் சொல்லாது. மரணம் எந்த வயதில் வருகிறது என்று காட்டுவது பிழைப்பு வளைவு. சென்னையிலிருந்து தில்லிக்கு 1,000 பேருடன் ஒரு ரயில் புறப்படுவதாகக் கொள்ளுங்கள். புறப்படுவது பிறப்பு, கடந்த தூரம் வயது, இறங்குவது மரணம்.

முதல் வகையில் அநேகமாக எல்லோரும் ஆக்ரா தாண்டிய பிறகே இறங்குவார்கள். நல்ல மருத்துவ வசதி பெற்ற மனிதரும் யானையும் இந்த வகை. இரண்டாம் வகையில், ஒவ்வொரு நிலையத்திலும் இருப்பவர்களில் ஒரே விகிதத்தினர் இறங்குவார்கள். பல பறவைகள் வளர்ந்தபின் இப்படித்தான். மூன்றாம் வகையில் கூடூர் வருவதற்குள் பெட்டிகள் காலி. மிஞ்சிய சிலர் மட்டும் தில்லிவரை செல்வார்கள். மீன், ஆமை, ஆலமரம் இந்த வகை.

இந்த வளைவைச் சாதாரணத் தாளில் வரையாமல் லாக் தாளில் வரைவதற்குக் காரணம் உண்டு. 1,000, 500, 250, 125 என்று ஆண்டுதோறும் பாதி குறைந்தால், சாதாரணத் தாளில் கோடு வளைந்து போகும். ஆபத்து குறைந்துவிட்டதுபோல் கண்ணுக்குத் தோன்றும். லாக் தாளில் அது நேர்கோடாகும். ஆபத்து எல்லா வயதிலும் ஒன்றே என்பது உடனே விளங்கும்.

பங்குனி ஆமை சொல்லும் பாடம்

2025 பிப்ரவரியில் ஒடிசாவின் ருஷிகுல்யா கரையில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் முட்டையிட்டன. அதற்கு முந்தைய மாதம் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சுத் திணறியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. "ஆறு லட்சத்தில் சில நூறு போனால் என்ன? ஒவ்வொன்றும் நூறு முட்டை இடுகிறதே!" என்று கேட்கத் தோன்றும்.

வளைவைப் பாருங்கள். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து ஆளாகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. அப்படியானால் இறந்த ஒரு தாய் ஆமை, ஆயிரம் குஞ்சுகளின் மீதி. அதன் இடத்தை நிரப்ப, ஒரு முட்டைகூட வீணாகாமல் பத்துக் கூடுகள் பொரிக்க வேண்டும். அதன்பிறகும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே இன்று கரையேறும் கூட்டம், பத்தாண்டுக்கு முந்தைய நிலைமையைத்தான் நமக்குக் காட்டுகிறது. இன்றைய இழப்பு அந்த எண்ணிக்கையில் முழுமையாகத் தெரிய வெகுகாலம் ஆகும்.

1987-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறொரு கடலாமை இனத்துக்கு வயதுவாரியாகக் கணக்கிட்டார்கள். முட்டைகளை மட்டும் எவ்வளவு காத்தாலும் இனம் மீளாது. வளர்ந்துவரும் பெரிய ஆமைகளின் சாவைக் குறைத்தால் மீளும் என்பது முடிவு. வலையில் ஒரு கம்பித் தடுப்பும், ஆமை தப்பிக்க ஒரு வாயிலும் வைக்கும் சாதனம் பரவ அது உதவியது. இறால் கம்பிகளுக்கிடையே புகுந்துவிடும், ஆமை வெளியேறிவிடும்.

முட்டைகளைப் பொறுக்கிப் பொரிக்கவைக்கும் இளைஞர்களின் தொண்டு வீணல்ல. ஆனால் கரையில் சேமித்ததைக் கடலில் இழந்தால் கணக்கு நேராகாது. இனி எந்த விலங்கின் எண்ணிக்கையைப் படித்தாலும், இறந்தவை எத்தனை என்பதோடு எந்த வயதில் இறந்தன என்றும் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பாடத்தின் பயன் அதில்தான் இருக்கிறது.