.303 ரைஃபிளின் முத்திரைகள்

கேள்வி: மும்பைப் போலீசார் வைத்திருந்த பழைய ரைஃபிளின் வயதை எப்படி அறிவது? குழல் மாற்றப்பட்டிருந்தால் தெரியுமா? (வாசகர், மாட்டுங்கா)

பதில்: 2008 நவம்பர் 26 இரவு நடந்த பயங்கரவாதத் தாக்குதலின்போது மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் போலீசார் சிலரின் கையில் இருந்தது .303 லீ-என்ஃபீல்டு. இந்தியாவில் இதைத் தயாரித்தது மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் தொழிற்சாலை.

மரக்கட்டை வந்து சேரும் இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தை முதலில் பார்க்க வேண்டும். தொழிற்சாலை, ஆண்டு, மாதிரி மூன்றும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். கிரீடமும் 'ஜி.ஆர்.ஐ.' எழுத்துகளும் இருந்தால் பிரிட்டிஷ் காலம். அசோகச் சிங்கங்கள் இருந்தால் விடுதலைக்குப் பிந்தையது. '7.62 மி.மீ. 2ஏ1' என்றிருந்தால் அது .303 அல்ல, 1960களில் வந்த தோற்றத்தில் ஒத்த வேறு ரைஃபிள். அதன் குறிபார்க்கும் தகட்டின் அளவு 2000 கெஜத்துக்குப் பதில் 800 மீட்டரோடு நின்றுவிடும்.

கழுத்தில் உள்ள ஆண்டு குழலின் வயதைச் சொல்லாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தோட்டா மருந்தின் வெப்பமும் துருவும் குழலின் உட்புறப் பள்ளங்களைத் தேய்த்துவிடும். அப்போது உடலை வைத்துக்கொண்டு குழலை மட்டும் மாற்றுவார்கள். குழலின் பின்பகுதியில் அதற்கென இரண்டு இலக்க ஆண்டு தனியாக உண்டு. கழுத்தில் 1942, குழலில் 50 என்றிருந்தால் குழல் மாற்றப்பட்டது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஓராண்டு வித்தியாசத்தை மட்டும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. இருப்பில் இருந்த குழலைப் பொருத்தியிருக்கலாம். உடல், குழல், போல்ட் ஆகியவற்றின் வரிசை எண்களையும் ஒப்பிட வேண்டும். எண் ஒத்துப்போவதும் முடிவான சாட்சியல்ல. புதிய குழலில் பழைய எண்ணையே பொறிப்பது வழக்கம்.

இந்த அடையாளங்களை அழிப்பதும் மாற்றுவதும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம்.