எம்.பி.ஏ. எடுத்தால் கதிரை உயருமா?

துணுக்காய்ப் பிரதேச செயலகத்திலோ வலயக் கல்வி அலுவலகத்திலோ, மல்லாவியில் ஒரு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நாலைந்து வருடம் வேலை பார்த்த பட்டதாரியிடம் யாராவது ஒருவர் வந்து சொல்லிவிடுவார்: “தம்பி, இப்படியே இருந்தால் சரிவராது. ஒரு எம்.பி.ஏ. செய்துவிடும்.” சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் எந்தப் பதவிக்காக என்று அவரும் சொல்வதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை. கேட்காமல் சேர்ந்தவர்கள் இலட்சக்கணக்கில் காசையும் இரண்டு வருட வார இறுதிகளையும் கொடுத்துவிட்டுப் பழைய மேசையிலேயே இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் ஏழு நம்பிக்கைகளை எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: முதுமாணி முடித்தால் பதவி உயர்வு தானாக வரும்

தனியார் நிறுவனத்தில் முகாமையாளர் மனம் வைத்தால் உயர்த்தலாம். அரச சேவையில் அதற்கு இடமில்லை. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பிரமாணக் குறிப்பு உண்டு. எந்தத் தரத்திலிருந்து எந்தத் தரத்துக்குப் போக எத்தனை வருடம், எந்தப் பரீட்சை, என்ன தகைமை என்பதெல்லாம் அதிலே இருக்கும். அது கேட்காத பட்டத்தின் பிரதி உங்கள் கோவைக்குள் சேரும், அவ்வளவுதான்.

ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் தாண்ட வேண்டியது வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சை. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர் என்றால் இரண்டாம் அரசகரும மொழித் தேர்ச்சியும் வேண்டும். தமிழ் உத்தியோகத்தருக்கு அது சிங்களம். இந்த இரண்டையும் கிடப்பில் போட்டுவிட்டு எம்.பி.ஏ. வகுப்புக்கு ஓடுபவர்கள் நம் அலுவலகங்களிலேயே இருக்கிறார்கள். இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கும் முதற்பட்டம் போதும். பட்டப்பின் தகைமை பற்றிய பேச்சு, உள்ளே போய் மேல் தரங்களுக்கு ஏறும்போதுதான் வரும்.

நம்பிக்கை 2: எந்த முதுமாணியும் முதுமாணிதான்

இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்று ஒன்று 2012 முதல் இருக்கிறது. அதில் 12 மட்டங்கள். பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பட்டப்பின் சான்றிதழ் 7, பட்டப்பின் டிப்ளோமா 8. முதுமாணி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது அதற்குப் பிறகு இரண்டாகப் பிரிகிறது. பாடங்களை மட்டும் படித்து 30 திறமைப் புள்ளிகளோடு முடிப்பது 9ஆம் மட்டம். ஆய்வும் சேர்த்து 60 புள்ளிகளோடு முடிப்பது 10ஆம் மட்டம்.

விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே தொப்பிப் படம். பின்னாளில் பல்கலைக்கழக விரிவுரையாளராக வேண்டும், கலாநிதிப் பட்டம் வரை போக வேண்டும் என்ற எண்ணம் உள்ளவருக்கு ஆய்வுக்கூறு உள்ள முதுமாணியே பயன்படும். இருக்கும் வேலையில் திறமையைக் கூட்டினால் போதும் என்பவருக்கு 9ஆம் மட்டமே தாராளம். எந்த மட்டம், எத்தனை புள்ளி என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தில் காசு கட்டாதீர்கள்.

நம்பிக்கை 3: டிப்ளோமா என்றால் மதிப்புக் குறைவு

அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் 1961இல் தொடங்கிய இந்திய முகாமைத்துவ நிறுவகங்கள் அரைநூற்றாண்டுக்கு மேல் தங்கள் மாணவர்களுக்குக் கொடுத்தது டிப்ளோமாதான். பட்டம் வழங்கும் அதிகாரம் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அவற்றுக்குக் கிடைத்தது. அதுவரை அங்கே படித்து உலக நிறுவனங்களின் தலைமைக்குப் போனவர்களிடம் இருந்தது அந்த டிப்ளோமாவே.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமான கதை ஆசிரியர்களுடையது. வர்த்தகப் பாடம் படிப்பிக்கும் ஒரு பட்டதாரி ஆசிரியைக்குச் சேவையில் தொழிற்றகைமையாகக் கணக்கில் வருவது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வி நிறுவகம் ஆகியவை அதை நடத்துகின்றன. அதை விட்டுவிட்டு வியாபார நிர்வாக முதுமாணிக்குப் போனால், எவ்வளவு நன்றாகச் சித்தியடைந்தாலும் அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கும். டிப்ளோமாவுக்குப் பிறகும் படிக்க ஆசை என்றால் கல்வி முதுமாணி இருக்கிறது.

நம்பிக்கை 4: பட்டம் பெரிது, தொழிற்றகைமை சிறிது

ஒரு கம்பனியின் கணக்காய்வு அறிக்கையில் ஒப்பமிட எம்.பி.ஏ. போதாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் அந்த உரிமையைப் பட்டயக் கணக்காளருக்கும் பதிவுபெற்ற கணக்காய்வாளருக்கும் கொடுத்திருக்கிறது. கணக்குத் துறையில் இருப்பவர் பட்டயக் கணக்காளர் பரீட்சைகளை இடையில் நிறுத்திவிட்டு எம்.பி.ஏ.க்குத் தாவுவதில் பெரிய இலாபம் இல்லை. வங்கியில் இருப்பவர் இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகளைத் தன் வங்கி எப்படிக் கணக்கில் எடுக்கிறது என்று மனிதவளப் பிரிவிடம் முதலில் கேட்க வேண்டும். அரச நிர்வாகத்தில் இருப்பவருக்கு வியாபார நிர்வாகத்தைவிடப் பொது முகாமைத்துவம் பொருந்தும். கொழும்பிலுள்ள இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகம் அதில் முதுமாணி நடத்துகிறது.

நம்பிக்கை 5: பி.கொம். முடித்த கையோடு எம்.பி.ஏ.யையும் முடித்துவிட வேண்டும்

எம்.பி.ஏ. வேலை அனுபவத்தை வைத்துப் பேசும் படிப்பு. சம்பளப் பட்டியல் போட்டவர், ஆட்களை வேலை வாங்கியவர், கடன் அறவிடப் போய் வெறுங்கையோடு வந்தவர் இருந்தால்தான் வகுப்பில் வாதம் சூடுபிடிக்கும். வணிகப் பட்டதாரிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கணக்கீடு, சந்தைப்படுத்தல், நிறுவன நடத்தை என்று முதல் அரையாண்டில் வரும் பலவற்றை அவர் முன்பே படித்தவர். இந்தப் படிப்பால் கூடுதலாகப் பயன் பெறுபவர் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலோ விவசாயமோ படித்துவிட்டு இப்போது ஆட்களையும் பணத்தையும் நிர்வகிக்க வேண்டி வந்தவர்.

அனுபவத்துக்கு என்ன விலை என்பதை ஐக்கிய நாடுகள் அமைப்பின் வேலை அறிவித்தல்களில் பார்க்கலாம். முதுமாணி கேட்கும் பல பதவிகளுக்கு, முதற்பட்டத்தோடு மேலதிகமாக இரண்டு வருட அனுபவம் இருந்தாலும் போதும் என்று போட்டிருப்பார்கள்.

நம்பிக்கை 6: ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே, சமாளிக்கலாம்

தகைமைகள் சட்டகத்தில் ஒரு திறமைப் புள்ளி என்பது 50 மணித்தியாலப் படிப்பு. விரிவுரை, வீட்டில் வாசிப்பு, ஒப்படை எல்லாம் அதற்குள் அடங்கும். 30 புள்ளி என்றால் 1,500 மணித்தியாலம். இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 14 மணித்தியாலத்துக்கு மேல். 60 புள்ளி என்றால் குறைந்தது 3,000, அதாவது வாரத்துக்கு 28க்கு மேல். இதில் பஸ் பயணம் சேரவில்லை. மல்லாவியிலிருந்து மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் கிளிநொச்சி, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போய்த் திரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போய்விடும். வவுனிக்குளத்து நீரை நம்பி வயல் செய்யும் வீடு என்றால் காலபோக அறுவடையும் பரீட்சையும் ஒரே மாதத்தில் வந்து நிற்கக்கூடும்.

கொழும்புக்குப் போனால்தான் மதிப்பு என்ற பேச்சும் இதோடு ஒட்டியது. 1986இல் தொடங்கிய ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பட்டப்பின் நிறுவகத்தில் படித்தால் தலைநகரின் பெரிய நிறுவனங்களில் பழக்கம் கிடைக்கும் என்பது உண்மை. அங்கேயே வேலை தேடுபவருக்கு அது காசாகும். வடக்கிலேயே வேலை செய்யப் போகிறவருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. கிட்டவாக இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகம் தொலைக்கல்வி முறையில் பொதுநலவாய நிறைவேற்று எம்.பி.ஏ.யும் பொது நிர்வாக முதுமாணியும் நடத்துகிறது. 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் வணிகக் கற்கைகள் பீடம் உண்டு. இந்த வருடம் அங்கே எந்தப் பட்டப்பின் பாடநெறிக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள் என்று விசாரிப்பதில் நட்டமில்லை.

நம்பிக்கை 7: வெளிநாட்டுப் பெயர் இருந்தால் எங்கும் செல்லும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றை ஏற்பதா என்று பார்க்கும்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பொதுநலவாயப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் தொகுப்பையும் சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் தொகுப்பையும் பார்க்கிறது. அந்தப் பெயர் அவற்றில் உண்டா என்பதுதான் முதற்கேள்வி. முதற்பட்டம் இல்லாமலே நேராக எம்.பி.ஏ. என்று கூப்பிடும் விளம்பரங்களில் இன்னும் கவனம் வேண்டும். முதற்பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்கும் அறிவித்தலின் முன் அந்த முதுமாணி தனியே நிற்காது.

லண்டன் எம்.பி.ஏ.யைக் குடும்பத்தோடு போகும் வழியாகப் பார்த்தவர்களும் உண்டு. 2024 ஜனவரி முதல் தொடங்கும் பாடநெறிகளில், ஆய்வுப் பட்டத்துக்குப் போகிறவர்களும் அரச புலமைப்பரிசில் பெற்றவர்களும் தவிர்ந்த மாணவர்கள் மனைவி பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. எம்.பி.ஏ. ஆய்வுப் பட்டங்களில் சேராது. காணியை ஈடுவைக்கும் முன் இதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் எதைத் தெரிவு செய்வது?

ஐந்து வருடத்தில் எந்தக் கதிரையில் இருக்க ஆசையோ, அந்தப் பதவிக்கு முன்பு வந்த அறிவித்தல் ஒன்றைத் தேடி எடுங்கள். அரச பதவி என்றால் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் இருக்கும். ‘கல்வித் தகைமை’ என்ற தலைப்பின் கீழுள்ள வரிகளைச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். ‘முதுமாணி’ என்று மட்டும் இருக்கிறதா, துறையின் பெயரும் இருக்கிறதா, ‘மேலதிக தகைமையாகக் கருதப்படும்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் மூன்று விதமான செலவு. பிறகு நிர்வாகக் கிளையில் பிரமாணக் குறிப்பைக் கேட்டுப் பாருங்கள். கடைசியாக, அதே பாடநெறியை முடித்த ஒருவரிடம் அதனால் அவருடைய வேலையில் என்ன மாறியது என்று கேளுங்கள்.

பதவியின் பெயரை இன்னும் சொல்ல முடியாதவர் இந்த வருடம் விண்ணப்பப் படிவம் எடுக்க வேண்டாம். அந்தக் காசில் சிறு பங்குக்கே ஆங்கிலமும் சிங்களமும் ஒழுங்காகப் படித்துவிடலாம். எம்.பி.ஏ. வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. அரச வேலையில் சிங்களம் எப்படியும் கேட்கப்படும். பிறகு எந்தப் பட்டத்தைத் தெரிவு செய்தாலும் இந்த இரண்டும் வீண்போகாது.